முதல் இருபது அடி

கண்ணா, இதைப் படித்து முடிக்கும்வரை எனக்கு போன் பண்ணாதே. பாதியில் போன் பண்ணினால் நீ "அம்மா, அம்மா, லிசன்" என்பாய், நான் "சரிப்பா, ஓகே கண்ணா" என்று முடித்துவிடுவேன், அப்புறம் உட்கார்ந்து எழுதியதற்கே அர்த்தமில்லாமல் போகும். முப்பது வருஷமாக இந்த நாட்டில் இங்கிலீஷ் பேசி நான் கற்றுக்கொண்டது தலையாட்டுவதைத்தான். மருந்துக் கம்பெனி லேபில் இருபத்திரண்டு வருஷம் வந்த மேனேஜருக்கெல்லாம் "ஷ்யூர், ஷ்யூர்" என்று சொல்லியே ரிட்டையர் ஆனவள் நான். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். தமிழில் எனக்குக் கோபம் வரும். ஆறு வயதில் இங்கே வந்தவனை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஒன்பதாவது வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். புரியாத இடத்தில் நிதானமாக இன்னொரு தரம் படி. அவசரம் ஒன்றுமில்லை, டிக்கெட் மார்ச் முதல் வாரம்தானே.

போன வியாழக்கிழமை நீ அனுப்பிய போட்டோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். கலிபோர்னியாவில், உங்கள் பிளசன்டன் வீட்டுக் கீழ் அறையை எனக்காகத் தயார் பண்ணியிருக்கிறீர்கள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, ஜன்னலுக்குப் புதுத் திரை. நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி. அதில் ஜஸ்லீன் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே ரிமோட்டைக் காட்டுகிறாள். பட்டனை அமுக்கினால் நாற்காலியே பின்பக்கம் உயர்ந்து ஆளை எழுப்பி நிறுத்திவிடுமாம். "ஸீ அம்மா, யூ டோன்ட் ஈவன் ஹாவ் டு கெட் அப்" என்று கீழே எழுதியிருந்தாய். உன் மனைவி தங்கமான பெண். எனக்குப் பச்சை பிடிக்கும் என்று ஞாபகம் வைத்து அந்தத் திரையை வாங்கியிருக்கிறாள். உன் மேலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அம்மா விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் போவதற்கு மட்டும் டிக்கெட் போட்டிருக்கிறாய், திரும்பி வரப் போடவில்லை. ஏப்ரலில் நான் இருக்கும் இந்த பிளெய்ன்ஸ்பரோ வீட்டை விற்றுவிடலாம் என்கிறாய். ஆனால் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. நான் வரப்போகிறேனா இல்லையா என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். அதற்கு முன்னால் ஒரு கிழட்டுக் குதிரையின் பின்னங்கால்களைப் பற்றி நீ கேட்டாக வேண்டும். வேறு வழியில்லை.

வால்டரை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்று வருஷத்துக்கு முன் உன் கல்யாணத்தில் உன்னைச் சுமந்த வெள்ளைக் குதிரை. நம் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் பூ ஒட்டிய கார்தான். ஜஸ்லீன் வீட்டார் பஞ்சாபிகள், குதிரை இல்லாவிட்டால் அவர்களுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரியே இருக்காது. இங்கே ஐசலின் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் பார்க்கிங் லாட்டில், நவம்பர் குளிரில், தலைப்பாகையும் இடுப்பில் கத்தியுமாக நீ குதிரையில் ஏறினாய். ஏறினாய் என்பது மரியாதைக்குச் சொல்வது, நாலு பேர் தூக்கி வைத்தார்கள். "டேய், பிரேக் எங்கடா இருக்கு?" என்று உன் பெரியப்பா கத்தியது வீடியோவில்கூட இருக்கிறது. முன்னால் மேளம், டி.ஜே., ஆட்டம். நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கடைசியில். உன் அப்பா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. யாரும் என்னைப் பின்னால் போ என்று சொல்லவில்லை, ஜஸ்லீனின் அம்மா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்கள், நீயும் குதிரை மேலிருந்து "அம்மா, கம் டு தி ஃப்ரண்ட்!" என்று கூப்பிட்டாய். நான்தான் நகரவில்லை. தாலி இல்லாதவள் மாப்பிள்ளைக்கு முன்னால் நடக்கக் கூடாது என்று எனக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அந்த ஆளை மட்டும் என்னால் கிளப்ப முடியவில்லை.

அப்படிப் பின்னால் நடந்ததால், அவ்வளவு பெரிய கூட்டத்தில் எனக்கு மட்டும் குதிரையின் பின்னங்கால்கள் தெரிந்தன. இடது காலைத் தூக்கி வைக்காமல் குளம்பின் நுனியைத் தாரில் தேய்த்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்க இடுப்பு மேலே எம்பி இறங்கியது. என் பக்கத்தில் வாளியும் மண்வாரியுமாக ஒரு வெள்ளைக்கார அம்மாள் நடந்து வந்தாள். அவள்தான் லிண்டா, குதிரையின் சொந்தக்காரி. ஒரு சுற்று முடிந்தபோது என்னிடம், "நீங்கள் வீட்டு மனுஷியா? அவனுக்கு வலிக்க ஆரம்பித்துவிட்டது, இத்தோடு இறக்கிவிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். பாட்டு இன்னும் முடியவில்லை. சம்பந்தி வீட்டார் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து ஆட்டத்தை நிறுத்தினாள் என்று பேச்சு வந்துவிடுமோ என்று பயந்தேன். "ஒன் மோர், ப்ளீஸ்" என்றேன். லிண்டா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாளியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்ற அதிகாரத்தை அன்று முழுக்க நான் பயன்படுத்தியது அந்த ஒரு தடவைதான். இதை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை.

நீங்கள் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிப் போனபிறகு, மிச்சமிருந்த லட்டில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு லிண்டாவின் லாயத்தைத் தேடிப் போனேன். இங்கிருந்து மேற்கே அரை மணி நேரம். மன்னிப்புக் கேட்க லட்டோடு வந்தவளை அவள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள். இரண்டு லட்டு தின்றுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். வால்டருக்கு வயது இருபத்தொன்று. பின்னங்கால்களின் நடுவில், பின்பக்கமாக மடங்கி நிற்குமே, அந்த மூட்டு இரண்டிலும் தேய்மானம். கல்யாண வேலை இனி கிடையாது. தரை இறுகும் குளிர்காலம்தான் இப்படிப்பட்ட குதிரைக்கு எமன், அதனால் பனி விழுவதற்குள் போகவிட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்றாள். போகவிடுவது என்றால் ஊசி போட்டு முடிப்பது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "இந்த ஒரு குளிர்காலம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. "எவ்ரி டே?" என்றாள். "எவ்ரி டே" என்றேன். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். இது நாலாவது குளிர்காலம்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்ததைக் கேள். வயசானவனுக்கு நம் வீட்டில் என்ன செய்வோமோ அதையே செய்தேன். வெளியே விடாதே என்றேன். மற்ற குதிரைகள் பனியில் சுற்றிக்கொண்டிருக்க, இவனுக்கு மட்டும் கொட்டடிக்குள்ளேயே கனமான போர்வை, முழங்கால் ஆழத்துக்கு வைக்கோல், மூக்குக்கு முன்னால் எந்நேரமும் தீனி. கேரட், ஆப்பிள், லிண்டாவுக்குத் தெரியாமல் வெல்லம். "ஹி நீட்ஸ் டு மூவ், ஹன்" என்று லிண்டா நாலைந்து தடவை சொன்னாள். வயசான காலத்தில் எதற்கு அலைச்சல், பாவம், உட்காரட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். குதிரை உட்காராது என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஜனவரி நடுவில் நாலு கால்களும் தூண் போல வீங்கின. வயிறு தொங்கியது. ஒரு நாள் காலை படுத்திருந்தவன் எழ முயன்றான், முன்னங்காலை ஊன்றினான், பின்னங்கால் வரவில்லை. மறுபடி முயன்றான், மறுபடி விழுந்தான். மூன்றாவது முறை எழாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். வைத்தியம் பார்க்க வந்த டாக்டரம்மா எத்தனை நாளாக உள்ளே இருக்கிறான் என்று கேட்டாள். ஏழு வாரம், ஒரு நாள்கூட வெளியே விடவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. மூட்டுக்குள்ளே ஒரு வழவழப்பு உண்டு, நடந்தால்தான் அது மூட்டெல்லாம் பரவும், நீங்கள் ஓய்வு கொடுத்தது அவனுக்கல்ல, உங்கள் மனசுக்கு என்று சொல்லிவிட்டு, எங்களையெல்லாம் கூட்டி அவனை எழுப்ப வைத்தாள். எழுந்துவிட்டான். நான் காரில் வந்து உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு அழுதேன். குதிரைக்காக மட்டும் அழவில்லை.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தபோது நீ கலிபோர்னியா பக்கம் வேலைக்குப் போன புதிது, பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போனாய். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து நடை பழக்கிய பெண், மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்க வேண்டும், முட்டியை மடக்க வேண்டும் என்றாள். மடக்கும்போது உன் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவார். எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவது வாரம் அவருக்குக் காய்ச்சல், நாங்களே கூப்பிடுகிறோம் என்று பொய் சொல்லி அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினேன். அப்புறம் கூப்பிடவே இல்லை. "நீங்க உக்காருங்க, நான் கொண்டு வரேன்." இந்த ஒரு வாக்கியத்திலேயே அவரை வைத்திருந்தேன். காபி, தட்டு, மாத்திரை, டி.வி. ரிமோட், எல்லாம் நாற்காலிக்கே வரும். அதுவும் பழுப்பு நிற நாற்காலிதான், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் அவர், "ஏம்மா, நான் என்ன கொலு பொம்மையா? என்னைக் கொஞ்சம் நடக்க விடேன்" என்றார். நான் சிரித்துவிட்டு இன்னும் இரண்டு தோசை போட்டேன். முட்டி முழுசாக மடங்கவே இல்லை. மாடி ஏறுவது நின்றது, லெட்டர் பாக்ஸ் வரை போவது நின்றது, எடை ஏறியது, சர்க்கரை ஏறியது. மூன்று வருஷம் கழித்து நெஞ்சு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. அன்று லாயத்தில் வால்டர் எழ முடியாமல் என்னைப் பார்த்தபோதுதான் நானே சொல்லிக்கொண்டேன். அன்பாகத்தான் செய்தேன். அன்பாகச் செய்ததால் அவரால் என்னை எதிர்க்கவும் முடியவில்லை, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

அதற்குப் பிறகு வால்டர் விஷயத்தில் சொன்னதைக் கேட்டு நடக்கிறேன். குளிர்காலமானாலும் பகலெல்லாம் அவன் வெளியேதான். காற்று வீசினால், மழையில் நனைந்தால் மட்டும் போர்வை. குளம்பு சீவுகிறவர் முன் நுனியைக் குட்டையாகச் சீவி விடுகிறார், அப்படியிருந்தால் கால் சுலபமாக மடங்கித் திரும்பும். இலையுதிர் காலத்தில் மூட்டில் ஒரு ஊசி. கடும் குளிர் நாட்களில் மட்டும் வலிக்கான பவுடர், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை கிடையாது, வயிற்றைக் கெடுத்துவிடும். குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர். வெல்லம் ஒழிந்தது, எடை குறைந்தது. கொட்டடியிலிருந்து மைதானத்துக்குப் போகும் பாதை உறைந்தால் பழைய வைக்கோலும் சாணமும் கலந்து அதன் மேல் பரப்ப வேண்டும். விடியற்காலையில் வாசலில் சாணி போடுவதற்கா உன்னை அமெரிக்கா அனுப்பினோம் என்று என் அம்மா இருந்தால் கேட்டிருப்பாள். இத்தனையும் செய்தாலும் அவன் நொண்டித்தான். குணமாகாது. கொட்டடியிலிருந்து இறங்கும் முதல் இருபது அடி பார்க்கவே சகிக்காது. தேய்த்துத் தேய்த்து, இடுப்பை எம்பி, இன்றைக்கே முடிந்துவிடுவான் போல வருவான். அந்த இருபது அடி வரை யாரும் ஒன்றும் செய்யக் கூடாது. இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது, ஐயோ பாவம் என்று நிறுத்தவும் கூடாது. அவன் தோள் பக்கமாக நின்று கூடவே நடக்க வேண்டும். அப்புறம் மெல்ல மூட்டு சூடேறி கால் தானாகத் தூக்கும், தலை இறங்கும், மூக்கால் பெருமூச்சு விடுவான். ஓடமாட்டான். நடப்பான். அவனுக்கு அது போதும்.

போன கோடையில், லாயத்தில் புல் இருக்கும் காலம் லிண்டா பார்த்துக்கொள்கிறேன் என்றதால், உங்களோடு மூன்று மாதம் வந்து இருந்தேன். குறை சொல்ல எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். ஏழரைக்கு நீயும் ஜஸ்லீனும் கிளம்பினால் அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும்தான். கார் சாவி அலமாரியில் இருக்கும், "இங்க ஃப்ரீவே எல்லாம் வேற மாதிரி அம்மா, ட்ரைவ் பண்ணாத" என்றாய். சரி, நடக்கலாம் என்று கதவைத் திறந்தால் வாசல் காமிரா உன் போனுக்குச் சொல்லிவிடும். நான் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் போன் வரும். "அம்மா, வேர் ஆர் யூ கோயிங்? வெயில் ஜாஸ்தி. ஐ வில் டேக் யூ இன் தி ஈவ்னிங்." சாயங்காலம் நீ களைத்து வருவாய், நான் கேட்கமாட்டேன். ஒரு நாள் வேண்டுமென்றே சமையலறை ஜன்னல் பக்கத்துக் கதவு வழியாக, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே புகுந்து, திருடி மாதிரி தெருவுக்குப் போனேன். தெருமுனை வரை போய்த் திரும்பினேன், அவ்வளவுதான். அறுபத்தாறு வயதுப் பொம்பளை, சொந்தப் பிள்ளை வீட்டில். திரும்பி வந்து உனக்கு மோர்க்குழம்பு வைத்தேன். அன்று குழம்பு பிரமாதம் என்றாய்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நீங்கள் இங்கே வந்தபோது நடந்ததால்தான் இந்த டிக்கெட், எனக்குத் தெரியாதா? ஜஸ்லீனோடு சோபாவில் உட்கார்ந்து கல்யாண வீடியோவை மூன்று மணி நேரம் பார்த்தேன். அசையாமல் மூன்று மணி நேரம். அப்புறம் எழுந்தால் முட்டி பிடித்துக்கொண்டது, மேஜையைப் பிடித்தேன், ரசப் பாத்திரம் கவிழ்ந்தது. நீயும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்கள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை விமான நிலையம் போகும் வரை "அம்மா, யூ ஜஸ்ட் சிட்" என்பதைத் தவிர உன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை உன்னை லாயத்துக்குக் கூப்பிட்டேன், மழை பெய்கிறது என்றாய். என்னை உட்கார வைத்துவிட்டு நீயே பாத்திரம் கழுவினாய். நல்ல பிள்ளை வளர்த்திருக்கிறேன் என்று சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கோ அப்பாவின் நாற்காலியில் யாரோ என்னைப் பிடித்து அமுக்கி வைப்பது போல இருந்தது.

போன வாரம் இங்கே பனிமழை. முதலில் மழை, அது விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்துவிட்டது. வாசல்படி, கார், தெரு, எல்லாம் ஒரே சறுக்கல். போதாக்குறைக்குப் பனி அள்ளும் வண்டி வந்து தெருவிலிருந்ததையெல்லாம் என் காருக்குப் பின்னால் சுவர் மாதிரி குவித்துவிட்டுப் போய்விட்டது. நாலு நாள் வீட்டைவிட்டு அசைய முடியவில்லை. சமையலறையிலிருந்து வாசல் கதவு வரை பதினாலு அடி; போவேன், கதவைத் தொடுவேன், திரும்புவேன். லாயத்திலும் மைதானம் முழுக்கப் பனிக்கட்டி, ஒரு குதிரையையும் வெளியே விட முடியவில்லை என்று லிண்டா போனில் சொன்னாள். மூன்றாம் நாள், "வால்டர் வெளியே வரமாட்டேன் என்கிறான். கொட்டடிகளுக்கு நடுவே இருக்கும் கூடத்தில் நடக்க வைக்கலாம் என்று கதவைத் திறந்தால் மூலையைப் பார்த்து நிற்கிறான். டாக்டரைக் கூப்பிட்டுப் பேசலாமா?" என்றாள். பேசலாமா என்றால் என்ன என்று இப்போது எனக்கு உடனே புரியும். நான் வருகிறேன், அதுவரை பொறு என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் வழியே காரைப் பார்த்தேன். வெளியே போக முடியாமல் நானும், வெளியே வர முடியாமல் அவனும். எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அந்தக் குதிரை மேலும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். யாருக்காக இந்த வேண்டாத வேலை, பேசாமல் பிள்ளையோடு போய் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை உப்பு போட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மண்வாரியோடு வந்து காரை விடுவித்தார், பத்தரை மணிக்கு லாயத்தில் இருந்தேன். வால்டர் மூலையில்தான் நின்றான். கழுத்தைத் தொட்டேன், திரும்பவில்லை. கயிற்றை மாட்டி அவன் தோள் பக்கம் நின்றேன். இழுக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, என் முட்டியே விறைத்துவிட்டது. அப்புறம் ஒரு காலை நகர்த்தினான். நானும் ஒரு காலை நகர்த்தினேன். கூடத்தின் நீளம் நாற்பது காலடி இருக்கும். மூன்று, நாலு. தேய்க்கிறான், நான் அவன் பிடரியைப் பிடித்துக்கொண்டு நொண்டுகிறேன். ஒன்பதாவது அடியில் நின்றுவிட்டான். லிண்டா கை வைக்க வந்தாள், "நோ" என்றேன். அதட்டலாக, சத்தமாக, இங்கிலீஷில். அவள் அப்படியே நின்றாள். பத்து. பதினைந்து. இருபது ஆகும்போது அவன் இடது குளம்பு தரையைத் தேய்க்கும் சத்தம் நின்றது. கூடத்தின் கோடிக்குப் போய்த் திரும்பினோம், மறுபடி போனோம். "லுக் அட் யூ டூ, போத் ஆஃப் யூ ஆர் வாக்கிங் பெட்டர்" என்று லிண்டா பின்னாலிருந்து சிரித்தாள். பார்த்தேன், உண்மைதான், என் முட்டியும் வலிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் பையில் போன் அதிர்ந்தது. உன் நாற்காலி போட்டோ.

வால்டருக்கு நல்ல இடம் பார்த்துவிடலாம் என்றாய். இருபத்துநாலு வயது நொண்டிக் குதிரைக்கு வேறு இடம் என்று ஒன்று கிடையாது கண்ணா, நான் போனால் அவனுக்கும் போகவேண்டிய நேரம், அவ்வளவுதான். ஆனால் அவனுக்காக மட்டும் நான் இங்கே இருக்கிறேன் என்று நினைக்காதே. டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள், படுத்தவன் எழ முடியாத நாள் வரும், அப்போது இழுத்தடிக்கக் கூடாது என்று. அந்த நாளில் நான் அவன் தலைமாட்டில் நிற்பேன், சம்மதமும் நான்தான் சொல்வேன். அதற்கு அப்புறமும் எனக்குக் கால் இருக்கும். இங்கே நான் சிறகடித்துப் பறக்கிறேன் என்றும் சொல்லவில்லை. குளிர்காலம் பிடித்துப் போட்ட இடத்தில்தான் கிடக்கிறேன். ஒரு குதிரைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஜுரம் வந்தாலும் போயே ஆக வேண்டும் என்று மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கதவின் தாழ்ப்பாள் என் கைப்பக்கம் இருக்கிறது. உன் வீட்டில் அது உன் போனில் இருக்கிறது. உனக்கு வந்திருக்கும் பயம் எனக்கு வந்த அதே பயம்தான். நான் அதற்குக் கீழ்ப்படிந்து உன் அப்பாவை உட்கார வைத்தேன். நீ அதே தப்பைச் செய்தால் நானும் அவரைப் போலத்தான் பேசாமல் இருப்பேன், நீ சந்தோஷப்படுவாயே என்று. அதனால்தான் இப்போதே, கால் இருக்கும்போதே சொல்கிறேன். நான் வரவில்லை.

ஒரு நாள் வருவேனாக இருக்கும். அந்த நாள் வந்துவிட்டது என்று நானே உனக்குச் சொல்வேன், ரசப் பாத்திரம் சொல்ல வேண்டாம். அப்போதும் சாவி என் பையில் இருக்க வேண்டும், காமிரா என்னைக் கோள் சொல்லக் கூடாது. ஜஸ்லீனிடம் அந்தப் பச்சைத் திரை அப்படியே இருக்கட்டும் என்று சொல், கோடையில் வந்து பார்க்கிறேன், திரும்பி வரவும் டிக்கெட் போட்டுக்கொண்டு. நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிடு. ரசீதை வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா?

மார்ச் முதல் வாரம் நீ லீவு போட்டிருக்கிறாய் அல்லவா, என்னை அழைத்துப் போக? அந்த லீவில் இங்கே வா. சேறாகும், நல்ல ஷூ எடுத்துக்கொள். கொட்டடிக் கதவை நான் திறப்பேன், வால்டரை நான் நடத்தி வருவேன். ஆரம்பத்தில் அவனும் நொண்டுவான், நானும் நொண்டுவேன். தேங்க்ஸ்கிவிங் அன்று நீ பார்த்தது அவ்வளவுதான், மீதியைப் பார்க்காமலே விமானம் ஏறிவிட்டாய். இந்தத் தடவை நீ முன்னால் வராதே. உன் கல்யாணத்தில் நான் நடந்தேனே, அந்த இடத்தில், எங்களுக்குப் பின்னால் நட. கையை நீட்டாதே. இருபது அடி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதே.

அம்மா